பூந்தி ஏன் சாப்பிடவில்லை?

உங்களுக்கு வயிறு வலித்தால் என்ன செய்வீர்கள்? "அம்மா, வயிறு வலிக்குது!" என்று சொல்வீர்கள். தலை வலித்தால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவீர்கள். பரீட்சை நாளில் சில பேருக்கு வலி கொஞ்சம் கூடவே வரும்! எப்படியோ, வீட்டில் இருப்பவர்களுக்கு விஷயம் தெரிந்துவிடும்.

நாம் வளர்க்கும் பிராணிக்கு வலித்தால்? அது எப்படிச் சொல்லும்?

எங்கள் வீட்டில் இரண்டு கினிப் பன்றிகள் இருந்தன. ஒன்றின் பெயர் லட்டு. இன்னொன்று பூந்தி. லட்டு பழுப்பு நிறத்தில் உருண்டையாக இருக்கும். பூந்தி வெள்ளை, முதுகில் ஆரஞ்சு நிறத் திட்டுகள். பெயர் வைத்தது என் மகள். அவளுக்கு ஒன்பது வயது. உங்களைப் போல அவளும் வாராவாரம் தமிழ்ப் பள்ளிக்கு வருகிறாள்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை காலை, லட்டு கூண்டின் மூலையில் உட்கார்ந்திருந்தது. தீனித் தட்டு அப்படியே இருந்தது. "அப்பா, லட்டு சாப்பிடவே இல்ல" என்று மகள் சொன்னாள். நான், "பசிக்கலையோ என்னவோ, நாளைக்குப் பாக்கலாம்" என்றேன். ஞாயிற்றுக்கிழமையும் அது சாப்பிடவில்லை. பக்கத்தில் இருந்த கால்நடை மருத்துவமனைக்கு அன்று விடுமுறை. திங்கட்கிழமை காலை நாங்கள் கிளம்பும்போது லட்டு எழுந்து நிற்கவே இல்லை. அன்று மதியம் அது இறந்துபோனது.

"நாளைக்குப் பாக்கலாம்" என்று சொன்னது நான்தான். கினிப் பன்றிக்கு அந்த ஒரு நாள் எவ்வளவு பெரியது என்று எனக்கு அப்போது தெரியாது. பிறகுதான் படித்தேன், மருத்துவரிடம் கேட்டேன். தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்லத்தான் இந்தப் பாடம்.

கினிப் பன்றி, பன்றியா?

பெயரில் பன்றி இருக்கிறது. ஆனால் இது பன்றி இல்லை. எலி, அணில் போல இதுவும் கொறிக்கும் விலங்கு. கினி என்று ஆப்பிரிக்காவில் ஒரு நாடு உண்டு. இந்த விலங்கு அங்கிருந்தும் வரவில்லை! இதன் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி. பெரு, பொலிவியா போன்ற நாடுகளில் மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளாக இதை வளர்க்கிறார்கள். அங்கே இதன் பெயர் "குய்". அது "குய் குய்" என்று கத்துவதால் வந்த பெயர் என்று சொல்வார்கள். நம் ஊரில் "கா கா" என்று கத்தும் பறவையைக் காக்கை என்கிறோமே, அது போல.

காட்டில் கினிப் பன்றி இனங்களைப் பிடித்துத் தின்னப் பருந்தும் நரியும் காத்திருக்கும். கூட்டத்தில் எது நோயாளி என்று அவை தேடும். அதனால் உடம்பு சரியில்லாவிட்டாலும் வெளியே காட்டாமல் இருப்பது இந்த விலங்கின் இயல்பு. வீட்டுக் கூண்டில் பருந்து இல்லை, நரி இல்லை. ஆனாலும் பழக்கம் போகவில்லை. நமக்குத் தெரியும்படி அது சோர்ந்து உட்கார்ந்துவிட்டால், நோய் வந்து கொஞ்ச நேரம் ஆகிவிட்டது என்று பொருள்.

நிற்கக் கூடாத வயிறு

நாம் காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை சாப்பிடுகிறோம். கினிப் பன்றி இரவும் பகலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்துக்கொண்டே இருக்கும். அதன் முக்கிய உணவு உலர்ந்த புல். புல்லில் நார் அதிகம். அது எளிதில் செரிக்காது. அதற்காகவே கினிப் பன்றியின் குடலில், சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில், ஒரு பெரிய பை இருக்கிறது. அந்தப் பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் வாழ்கின்றன. அவைதான் புல்லின் நாரைச் செரிக்க உதவுகின்றன.

விமான நிலையத்தில் பெட்டிகள் வரும் பட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? பட்டை ஓடும்போது பெட்டிகள் வரிசையாகப் போகும். கினிப் பன்றியின் குடலும் அப்படித்தான். பின்னால் இருந்து புல் வந்துகொண்டே இருந்தால் முன்னால் இருப்பது நகரும். புல் வருவது நின்றால் குடலும் மெதுவாகும். பிறகு நின்றே போகலாம். உள்ளே தேங்கியது புளித்து வாயு சேரும். வயிறு வலிக்கும். வலிப்பதால் சாப்பிடப் பிடிக்காது. சாப்பிடாததால் குடல் இன்னும் மெதுவாகும். நல்ல நுண்ணுயிரிகள் குறைந்து, கெட்டவை பெருகும். கல்லீரலும் பாதிக்கப்படும். நமக்கு வயிறு கெட்டுப்போனால் வாந்தி வரும். கினிப் பன்றியால் வாந்தி எடுக்கவும் முடியாது.

அதனால்தான், 12 மணி நேரம் ஒன்றுமே சாப்பிடாத கினிப் பன்றியை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். 24 மணி நேரம் ஆகிவிட்டால் உயிருக்கே ஆபத்து. "நாளைக்குப் பாக்கலாம்" என்பது இங்கே சரிப்படாது.

எதைப் பார்க்க வேண்டும்?

என் அம்மா எங்களோடு இருக்கிறார். லட்டு போன பிறகு அவர் என்னிடம் சொன்னார்: "அது வாயில்லா ஜீவன்டா. அது சொல்லாது. நாமதான் பாத்துப் புரிஞ்சுக்கணும்."

சரி, எதைப் பார்ப்பது? நாங்கள் தினமும் பார்ப்பவை இவை:

1. உலர்ந்த புல் குறைகிறதா? காலையில் வைத்தது மாலையில் அப்படியே இருந்தால் கவனிக்க வேண்டும்.

2. புழுக்கை சரியாக இருக்கிறதா? ஆடு, எலி, முயல் இவை போடுவதைத் தமிழில் புழுக்கை என்பார்கள். கினிப் பன்றி ஒரு நாளில் நூற்றுக்கும் மேல் புழுக்கை போடும்! அது குறைந்தாலோ, சிறியதாகிவிட்டாலோ, குடல் மெதுவாகிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். கூண்டைச் சுத்தம் செய்வது யாருக்கும் பிடிக்காத வேலைதான். ஆனால் அப்போதுதான் இந்தத் துப்பு கிடைக்கும்.

3. எப்படி உட்கார்ந்திருக்கிறது? முடி சிலிர்த்து, முதுகை வளைத்து, மூலையில் அசையாமல் இருந்தால் வலி இருக்கலாம். பல்லை நறநறவென்று கடிப்பதும் வலியின் அடையாளம்.

4. தாடை ஈரமாக இருக்கிறதா? எச்சில் வடிந்தால் பல்லில் கோளாறு இருக்கலாம்.

5. வயிறு எப்படி இருக்கிறது? வயிறு மத்தளம் போல உப்பி இறுகியிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

6. எடை என்ன? இதுதான் எங்களுக்கு மிகவும் உதவியது.

நான் கணினி நிரல் எழுதுபவன். நிரலில் பிழை வந்தால் கணினி சிவப்பு எழுத்தில் "இங்கே தவறு" என்று சொல்லும். சில பிழைகளைச் சொல்லாது. அப்போது நாங்கள் தினமும் எழுதி வைத்த எண்களைத் திரும்பிப் பார்ப்போம். எண் எங்கே மாறியதோ, அங்கேதான் பிழை இருக்கும். அதே வழியை வீட்டிலும் தொடங்கினோம். சப்பாத்தி மாவு அளக்கும் தராசின் மேல் ஒரு பெரிய கிண்ணம். கிண்ணத்துக்குள் பூந்தி. ஞாயிற்றுக்கிழமை காலையில் எடை பார்த்து, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய தாளில் என் மகள் எழுதுவாள். (அந்தக் கிண்ணம் இப்போது பூந்திக்கு மட்டும்தான். பாட்டியின் உத்தரவு!)

அந்தத் தாள் சொன்ன செய்தி

லட்டு போன பிறகு பூந்தி தனியாக இருந்தது. கினிப் பன்றிகள் கூட்டமாக வாழ்பவை. தனிமை அவற்றுக்கு ஆகாது. சுவிட்சர்லாந்தில் கினிப் பன்றியைத் தனியாக வளர்க்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அதனால் காப்பகத்திலிருந்து முறுக்கு என்ற புதுத் தோழியைக் கொண்டுவந்தோம்.

சில மாதங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை. தாளில் பூந்தியின் எடை இப்படி இருந்தது:

முதல் வாரம்: 942 கிராம்
இரண்டாம் வாரம்: 938 கிராம்
மூன்றாம் வாரம்: 945 கிராம்
நான்காம் வாரம்: 931 கிராம்
ஐந்தாம் வாரம்: 876 கிராம்

கடைசி எண்ணை எழுதிய மகள் ஓடி வந்தாள். "அப்பா! ஐம்பத்தஞ்சு கிராம் குறைஞ்சிருக்கு!"

55 கிராம் என்றால் ஒரு எலுமிச்சம்பழம் அளவுதானே என்று நினைக்கலாம். ஆனால் பூந்தியின் மொத்த எடையே ஒரு கிலோவுக்குக் குறைவு. 50 கிலோ எடை உள்ள ஒருவர் ஒரே வாரத்தில் மூன்று கிலோ இளைப்பதற்கு அது சமம்.

கூண்டருகே போய்ப் பார்த்தோம். பூந்தி புல்லிடம் வந்தது. ஒரு தாளை வாயில் எடுத்தது. மெல்லப் பார்த்தது. கீழே போட்டுவிட்டது. மறுபடி எடுத்தது, மறுபடி போட்டது. தாடையில் ஈரம்.

"பசிக்குதுப்பா. ஆனா அதால சாப்பிட முடியல" என்றாள் மகள். அவள் சொன்னது சரி என்று பிறகு தெரிந்தது.

இந்த முறை நாங்கள் காத்திருக்கவில்லை. எல்லாக் கால்நடை மருத்துவர்களும் கினிப் பன்றியைப் பார்ப்பதில்லை. பல இடங்களில் நாய், பூனை மட்டும்தான். அதனால் கினிப் பன்றி பார்க்கும் மருத்துவமனை எது, விடுமுறை நாளில் எது திறந்திருக்கும் என்று முன்பே தேடி, எண்ணைக் குளிர்பெட்டியில் ஒட்டியிருந்தோம். உங்கள் வீட்டிலும் கினிப் பன்றியோ முயலோ இருந்தால் இன்றைக்கே இதைச் செய்யச் சொல்லுங்கள். அவசரம் வந்த பிறகு தேடினால் நேரம் போய்விடும்.

கிளம்பும்போது அம்மா ஓமத் தண்ணீரை எடுத்து வந்தார். "வயித்துக்கு நல்லதுடா, ரெண்டு சொட்டு குடு" என்றார். "மருத்துவரைக் கேட்டுட்டுக் குடுக்கலாம்மா" என்றேன். நமக்கு நல்லது எல்லாம் அதற்கு நல்லது ஆகாது. நமக்குத் தரும் அமாக்சிசிலின் என்ற மருந்தை வாய்வழி கொடுத்தால், கினிப் பன்றியின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிரிகள் அழிந்து, அது இறந்தே போகலாம். அதனால் வீட்டில் இருக்கும் எந்த மருந்தையும் நாமாகக் கொடுக்கக் கூடாது.

ஒரு பெட்டியில் துண்டு விரித்து, கொஞ்சம் புல் போட்டு, பூந்தியையும் முறுக்கையும் சேர்த்தே வைத்தோம். தோழி பக்கத்தில் இருந்தால் பயம் குறையும். காரில் 40 நிமிடப் பயணம். மகள் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தாள்.

பல்லில் இருந்த முள்

மருத்துவர் சின்ன விளக்குள்ள கருவியால் பூந்தியின் வாய்க்குள் பார்த்தார். கினிப் பன்றிக்கு 20 பற்கள். முன்பற்கள் நான்கும் நமக்குத் தெரியும். மீதி 16 பற்கள் உள்ளே, கன்னத்தின் பக்கம் இருக்கின்றன. 20 பற்களும் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும்! புல்லை அரைத்து அரைத்துத் தின்பதால் பற்கள் தேய்ந்து, அளவாக இருக்கும். சில நேரம் ஒரு பல் சரியாகத் தேயாமல் கோணலாக வளர்ந்துவிடும்.

பூந்திக்கு அதுதான் நடந்தது. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று உள்பக்கமாக முள் போல வளர்ந்து நாக்கைக் குத்திக்கொண்டிருந்தது. பசி இருந்தது. வாயில் வைத்தால் வலித்தது. பாவம்!

மயக்க மருந்து கொடுத்து அந்தப் பல்லைச் சீர்செய்தார்கள். வலி குறைய மருந்து கொடுத்தார்கள். "பல் சரியாயிடுச்சு. ஆனா வாய் புண்ணா இருக்கு. அது தானா சாப்பிடற வரைக்கும் நீங்கதான் ஊட்டணும்" என்றார் மருத்துவர்.

எப்படி ஊட்டினோம்?

நோயுற்ற கினிப் பன்றிக்கென்று புல்லை அரைத்துச் செய்த மாவு ஒன்று கிடைக்கிறது. அதை வெதுவெதுப்பான தண்ணீரில், தோசை மாவை விடக் கொஞ்சம் தளர்வாகக் கரைக்க வேண்டும். மருத்துவர் பூந்திக்குச் சொன்ன அளவு, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை 10 மில்லி. ஒரு நாளைக்கு ஆறு முறை. இரவு இரண்டு மணிக்கும் உண்டு!

ஊட்டுவதற்கு முன் மருத்துவரைக் கேட்பது முக்கியம். வயிறு உப்பியிருந்தாலோ, குடல் அடைத்திருந்தாலோ ஊட்டுவது ஆபத்து. அவர் சரி என்று சொன்ன பிறகு, பெரியவர் ஒருவர் கூட இருக்கும்போது இப்படிச் செய்ய வேண்டும்:

முதலில் கைகளைக் கழுவுங்கள்.

கினிப் பன்றியைத் துண்டில் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரியும்படி மடியில் வையுங்கள். குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்க வைக்கக் கூடாது. புரை ஏறிவிடும்.

ஊசி இல்லாத சிரிஞ்சில் உணவை எடுங்கள். முன்பற்களுக்குப் பின்னால் ஓர் இடைவெளி இருக்கும். வாயின் ஓரமாக அந்த இடைவெளியில் சிரிஞ்சின் நுனியை வையுங்கள்.

ஒரு முறைக்கு அரை மில்லி, அல்லது அதைவிடக் கொஞ்சம் அதிகம். அவ்வளவுதான். மென்று விழுங்கட்டும். அதன் பிறகு அடுத்தது. அவசரப்பட்டால் உணவு நுரையீரலுக்குப் போய்விடும்.

முடிந்ததும் ஈரத் துணியால் தாடையைத் துடையுங்கள். எவ்வளவு சாப்பிட்டது, எத்தனை புழுக்கை, எடை என்ன என்று எழுதுங்கள்.

முதல் நாள் பூந்தி பாதியைத் துப்பியது. என் சட்டையெல்லாம் பச்சை! 10 மில்லி ஊட்ட அரை மணி நேரம் ஆனது. பிடித்துக்கொள்வது என் வேலை. எழுதுவதும், "இன்னும் கொஞ்சம்தான், பூந்தி" என்று காதருகே பேசுவதும் மகளின் வேலை. இரவு இரண்டு மணிக்கு அம்மா எழுந்து வந்து தண்ணீர் வெதுவெதுப்பாக்கித் தந்தார்.

கொத்தமல்லியும் வைட்டமின் சியும்

ஊட்டும் உணவோடு மருத்துவர் வைட்டமின் சியும் தரச் சொன்னார். ஏன் தெரியுமா? நாய், பூனை, எலி எல்லாம் தம் உடம்பிலேயே வைட்டமின் சி செய்துகொள்ளும். கினிப் பன்றியால் முடியாது. மனிதர்களாகிய நம்மாலும் முடியாது! உணவில் இருந்துதான் கிடைக்க வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க உதவியதே கினிப் பன்றிதான். அந்தக் காலத்தில் நெடுந்தூரம் போகும் கப்பலோட்டிகளுக்கு ஸ்கர்வி என்ற நோய் வரும். ஈறில் ரத்தம் வடியும், பல் ஆடும், பலர் இறந்தும் போனார்கள். 1907ஆம் ஆண்டில் நார்வே நாட்டில் ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கினிப் பன்றிகளுக்குத் தானியம் மட்டும் கொடுத்து வளர்த்தார்கள். அவற்றுக்கும் ஸ்கர்வி வந்தது. பச்சைக் காய்கறியும் எலுமிச்சைச் சாறும் கொடுத்தால் அந்த நோய் வரவில்லை. வைட்டமின் சி என்ற ஒன்று இருப்பதை மனிதர்கள் கண்டுபிடிக்க, அந்தச் சின்ன விலங்குகள் நோய்ப்பட்டு உதவின. இப்போது நாம் அவற்றைப் பார்த்துக்கொள்வது நியாயம்தானே?

நம் சமையலறையில் எப்போதும் இருக்கும் கொத்தமல்லித் தழையில் வைட்டமின் சி உண்டு. குடைமிளகாயில் அதைவிட அதிகம். இரண்டுமே கினிப் பன்றிக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, சமைத்த சோறு எதுவும் கொடுக்கக் கூடாது.

ஐந்தாம் நாள்

இரண்டாம் நாள் எடை 868. மூன்றாம் நாள் 866. மகள் அந்த எண்களை எழுதிவிட்டு ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. இரண்டு பேரும் லட்டுவை நினைத்துக்கொண்டிருந்தோம்.

நான்காம் நாள் 871. புழுக்கை கொஞ்சம் பெரிதாகியிருந்தது. "புழுக்கை நல்லா இருக்கு!" என்று நாங்கள் கத்தியதைக் கேட்டு அம்மா சிரித்தார்.

ஐந்தாம் நாள் காலை, மகள் ஒரு கொத்தமல்லித் தண்டை நீட்டினாள். பூந்தி முகர்ந்தது. இலையின் ஓரத்தைக் கடித்தது. நிறுத்தியது. மறுபடி கடித்தது. கீழே போடவில்லை. முழு இலையும் உள்ளே போனது.

மூன்று வாரத்தில் எடை 930 ஆனது. பல் மறுபடி கோணலாக வளர்கிறதா என்று பார்க்க மருத்துவரிடம் அவ்வப்போது போகிறோம்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். சீக்கிரம் கவனித்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனாலும் எல்லா நேரமும் பிழைக்கும் என்று சொல்ல முடியாது. நீங்கள் கவனித்து, பெரியவர்களிடம் சொல்லி, நன்றாகப் பார்த்துக்கொண்ட பிறகும் உங்கள் பிராணி இறந்துபோகலாம். அது உங்கள் தவறு இல்லை. அழுகை வந்தால் அழுங்கள். ஆனால் ஏதாவது மாறியிருப்பதாகத் தோன்றினால் உடனே சொல்லுங்கள். பெரியவர்கள் "நாளைக்குப் பாக்கலாம்" என்றால், இன்னொரு தடவை சொல்லுங்கள். என் மகள் இப்போது அப்படித்தான் செய்கிறாள்.

எங்கள் குளிர்பெட்டிக் கதவில் அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. அந்தக் கதவைத் திறந்தால் போதும், கூண்டிலிருந்து "குய்! குய்!" என்று சத்தம் வரும். கொத்தமல்லி வேண்டுமாம்!

புதிய சொற்கள்

கொறித்தல் – பல்லால் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துத் தின்னுதல்
செரித்தல் – சாப்பிட்டது வயிற்றில் கரைந்து உடம்பில் சேருதல்
நுண்ணுயிரி – கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய உயிர்
சிலிர்த்தல் – முடி நிமிர்ந்து நிற்றல்
கடைவாய்ப் பல் – வாயின் உள்ளே, உணவை அரைக்கும் பல்
புரை ஏறுதல் – உணவோ தண்ணீரோ மூச்சுக்குழாய்க்குள் போய் இருமல் வருதல்
வாயில்லா ஜீவன் – தன் துன்பத்தைச் சொல்லத் தெரியாத உயிர்

பேசுவோம், எழுதுவோம்

1. கினிப் பன்றி தன் நோயை ஏன் வெளியே காட்டுவதில்லை?
2. பூந்தி புல்லை எடுத்து எடுத்துக் கீழே போட்டது ஏன்?
3. நமக்கும் கினிப் பன்றிக்கும் உள்ள ஓர் ஒற்றுமையை எழுதுங்கள்.
4. "பசிக்குதுப்பா. ஆனா அதால சாப்பிட முடியல." இதை எழுத்துத் தமிழில் மாற்றி எழுதுங்கள்.
5. உங்களுக்குத் தெரிந்த ஒரு பிராணிக்கு உடம்பு சரியில்லை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? வீட்டில் பேசிவிட்டு ஐந்து வரிகள் எழுதி வாருங்கள்.